குளத்தில் போய் விழும் சலவைத் தண்ணீர்: எந்த டிடர்ஜென்ட் பாசிக்கு விஷம், எது தீனி?

சலவைத் தண்ணீர் ஓடிப்போய்க் குளத்திலோ ஏரியிலோ சேருகிற இடத்தில் எந்த டிடர்ஜென்ட்டைப் பயன்படுத்துவது? விடுதியோ குடியிருப்போ தனி வீடோ, இந்தக் கேள்வி எழுந்தால் பேச்சு உடனே நுரையில் போய் நிற்கும். நுரை அதிகம் வந்தால் கெட்டது, குறைவாக வந்தால் தேவலை, பாக்கெட்டில் பச்சை இலை அச்சடித்திருந்தால் ரொம்ப நல்லது. நுரை கண்ணில் படுகிறது, அதனால் பழி அதன் மேல் விழுகிறது. ஆனால் ஒரு குளம் கெடுவதும் தேறுவதும் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகளைப் பொறுத்தது. அவற்றின் பக்கம் நின்று பார்த்தால், எது நல்ல சரக்கு என்கிற வரிசையே மாறிவிடும்.

நுண்பாசி என்றால் ஒரே இனம் இல்லை. சிலிக்கா ஓட்டுக்குள் வாழும் டயாட்டம், செல்லுலோஸ் சுவர் கொண்ட பச்சைப் பாசி, உண்மையில் பாக்டீரியாவான நீலப்பச்சைப் பாசி எல்லாம் ஒரே வாளித் தண்ணீரில் இருக்கும். தண்ணீர்த் தெள்ளு போன்ற சின்ன உயிர்கள் இவற்றைத் தின்னும், அவற்றை மீன்குஞ்சு தின்னும். பாசி செத்தாலும் குளத்துக்குக் கேடு, பாசி பெருத்தாலும் கேடு. டிடர்ஜென்ட் பாக்கெட்டில் இரண்டுக்கும் சரக்கு இருக்கிறது. அதனால்தான் இந்த ஒப்பீடு கொஞ்சம் சிக்கலாகிறது.

கொல்லும் சரக்கு சர்ஃபாக்டன்ட், அதாவது அழுக்கையும் எண்ணெயையும் துணியிலிருந்து பிரித்தெடுக்கும் மூலப்பொருள். அதன் மூலக்கூறில் ஒரு முனை தண்ணீரை நாடும், மறுமுனை எண்ணெயை நாடும். செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வும் கொழுப்பால் ஆனதுதானே? சட்டைக் காலரில் படிந்த எண்ணெய்க்கும் பாசியின் சவ்வுக்கும் சர்ஃபாக்டன்ட் வித்தியாசம் பார்ப்பதில்லை. சவ்வில் நுழைந்து அதைத் தளர்த்துகிறது, உள்ளே இருக்க வேண்டியது வெளியே கசிகிறது, புரதங்கள் உருக்குலைகின்றன, ஒளிச்சேர்க்கை தடுமாறுகிறது. அளவு மிகக் குறைவாக இருந்தால் சில இனங்கள் கொஞ்சம் வேகமாக வளர்வதும் உண்டு.

தீனி போடும் சரக்கு பாஸ்பேட். பெரும்பாலும் எஸ்.டி.பி.பி. எனப்படும் சோடியம் டிரைபாலிபாஸ்பேட்டாக அது சலவைத்தூளில் வருகிறது. கடின நீரில் இருக்கும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துவைத்து, சர்ஃபாக்டன்ட் வீணாகாமல் காப்பது அதன் வேலை. சலவைக்கு அருமையான பொருள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நன்னீர்க் குளங்களில் பாசியின் வளர்ச்சிக்குப் பெரும்பாலும் முட்டுக்கட்டையாக இருப்பது பாஸ்பரஸ் பற்றாக்குறைதான். அதைக் கொண்டுபோய்க் கொட்டினால் கட்டு அவிழ்கிறது.

சரி, இரண்டில் எது பெரிய கேடு? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு முறை துவைக்க 100 கிராம் தூள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 15 சதவீதம் சர்ஃபாக்டன்ட், 20 சதவீதம் எஸ்.டி.பி.பி. தூள் கலந்த முதல் தண்ணீர் 50 லிட்டர். அது போய்ச் சேரும் குளம் 20 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம். அதாவது 8 லட்சம் லிட்டர்.

முதலில் சர்ஃபாக்டன்ட். குழாயை விட்டு வெளியே வரும்போது அது லிட்டருக்கு 300 மில்லிகிராம். சலவைத்தூள்களில் அதிகம் புழங்கும் எல்.ஏ.எஸ். என்ற சர்ஃபாக்டன்ட், பாசி இனத்தைப் பொறுத்து லிட்டருக்குச் சில மில்லிகிராம் முதல் நூறு மில்லிகிராம் வரையிலான அளவுகளில் வளர்ச்சியைப் பாதியாகக் குறைக்கக்கூடியது. ஆக, குழாய் வாயருகே எதுவும் பிழைக்காது. ஆனால் அதே 15 கிராம் குளம் முழுக்கக் கலந்துவிட்டால் லிட்டருக்கு 0.02 மில்லிகிராம்கூட வராது. அப்புறம் காற்றோட்டமுள்ள தண்ணீரில் பாக்டீரியாக்கள் அதைச் சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் தின்று தீர்த்துவிடும்.

இப்போது பாஸ்பேட். 20 கிராம் எஸ்.டி.பி.பி.யில் கால் பங்கு பாஸ்பரஸ், அதாவது 5 கிராம். ஒரு ஏரி ஊட்டம் மிஞ்சிய நிலைக்குப் போய்விட்டதா என்று பார்க்க வழக்கமாகச் சொல்லும் எல்லை, லிட்டருக்கு 35 மைக்ரோகிராம் மொத்தப் பாஸ்பரஸ். இந்த 5 கிராம் சுமார் 1,40,000 லிட்டர் சுத்தமான தண்ணீரை அந்த எல்லைக்குத் தள்ளும். நம் கணக்குக் குளத்துக்கு ஆறு சலவை போதும். ஒரு பகுதி சேற்றில் போய் ஒட்டிக்கொள்ளும், உண்மைதான். ஆனால் சலவை ஆறோடு நிற்கப்போவதில்லையே. பாசியின் உலர் எடையில் சுமார் ஒரு சதவீதம் பாஸ்பரஸ். எனவே 5 கிராம் பாஸ்பரஸிலிருந்து கிட்டத்தட்ட அரைக் கிலோ உலர் பாசி வளர முடியும். அந்தப் பாசி மடிந்து மட்கும்போது பாஸ்பரஸ் திரும்பத் தண்ணீருக்கே வருகிறது. சிதைந்து காணாமல் போக அது ஒரு சேர்மம் அல்ல, தனிமம்.

முடிவெடுக்க வேண்டியவர் மனதில் வைக்க வேண்டியது இந்த ஏற்றத்தாழ்வைத்தான். சர்ஃபாக்டன்ட்டின் கேடு கிட்டத்தில் கடுமை, ஆனால் குறுகிய காலம். பாஸ்பேட்டின் கேடு கண்ணுக்கே தெரியாமல் ஆரம்பித்து வருடக்கணக்கில் நீள்கிறது. அதனால் தேங்கி நிற்கும் நீர்நிலைக்கு முதலில் பாஸ்பேட்டை நிறுத்த வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம் என்பது என் கட்சி.

வரலாறும் இதைத்தான் காட்டுகிறது. 1950களில் வந்த டிடர்ஜென்ட்களில் கிளைத்த சங்கிலி கொண்ட சர்ஃபாக்டன்ட் இருந்தது. பாக்டீரியாக்களால் அதை எளிதில் உடைக்க முடியவில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆறுகளில் நுரை மலைமலையாகக் குவிந்தது. மேற்கு ஜெர்மனி 1961-இல் சட்டம் போட்டது. அமெரிக்க உற்பத்தியாளர்கள் 1965-இல் எளிதில் சிதையும் எல்.ஏ.எஸ்.ஸுக்கு மாறினார்கள். நுரை அடங்கியது. ஆனால் அமெரிக்க-கனடா எல்லையில் இருக்கும் ஈரி ஏரி பச்சையாகத்தான் இருந்தது, ஏனென்றால் பாஸ்பேட் பாக்கெட்டிலேயே இருந்தது. குற்றவாளி பாஸ்பேட்தானா, கார்பனா, நைட்ரஜனா என்ற சண்டை அதற்குப் பிறகும் ஓயவில்லை.

அந்தச் சண்டையைத் தீர்த்த சோதனை 1973-இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்தது. டேவிட் ஷிண்ட்லர் குழுவினர், 226 என்று எண்ணிட்ட ஒரு சின்ன ஏரியை அதன் குறுகிய இடுப்பில் பிளாஸ்டிக் திரை போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். இரு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். ஒரு பக்கம் மட்டும் கூடவே பாஸ்பரஸ். வானிலிருந்து எடுத்த படத்தில் பாஸ்பரஸ் போட்ட பக்கம் நீலப்பச்சைப் பாசி பூத்துக் கலங்கிக் கிடக்கிறது, மறுபக்கம் கருநீலமாகத் தெளிந்திருக்கிறது. நடுவில் இருப்பது ஒரு திரைதான், வித்தியாசம் பாஸ்பரஸ் மட்டும்தான். பாஸ்பேட்டுக்கு எதிராக அதன் பிறகு வந்த விதிகளுக்குப் பின்னால் இந்த ஒரு படத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சுவிட்சர்லாந்து 1986-இல் துணி சலவைப் பொருட்களில் பாஸ்பேட்டைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 ஜூன் முதல் வீட்டுச் சலவைப் பொருளின் ஒரு முறை அளவில் பாஸ்பரஸ் 0.5 கிராமைத் தாண்டக் கூடாது. நம் கணக்கில் வந்த 5 கிராமோடு இதை ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

பாஸ்பரஸ் மிகுந்தால் பாசியின் அளவு மட்டும் கூடுவதில்லை, யார் வளர்கிறார்கள் என்பதும் மாறுகிறது. முதலில் டயாட்டம்கள் பெருகித் தண்ணீரில் இருக்கும் சிலிக்காவைத் தீர்த்துவிடுகின்றன. ஓடு கட்டச் சிலிக்கா இல்லாமல் அவை பின்வாங்க, பச்சைப் பாசியும் நீலப்பச்சைப் பாசியும் இடத்தைப் பிடிக்கின்றன. நைட்ரஜனுக்குத் தட்டுப்பாடு வந்தாலும் அனபீனா போன்ற நீலப்பச்சைப் பாசிகள் கவலைப்படுவதில்லை. காற்றிலிருந்து தண்ணீரில் கரைந்த நைட்ரஜனையே எடுத்துக்கொள்ளும். மைக்ரோசிஸ்டிஸ் போன்ற வேறு சில நீலப்பச்சைப் பாசிகள் மைக்ரோசிஸ்டின் என்ற ஈரல் நஞ்சைச் சுரக்கக்கூடியவை. குடிநீரில் அதற்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த வழிகாட்டு அளவு லிட்டருக்கு வெறும் 1 மைக்ரோகிராம்.

இனி கையில் இருக்கும் தேர்வுகள்.

பாஸ்பேட் உள்ள தூளைப் பற்றி மேலே சொல்லியாகிவிட்டது. தேங்கிய தண்ணீருக்கு அது கடைசித் தேர்வு. சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும் குழாயில் விட்டாலும் முழுக்கத் தப்பிக்க முடியாது. வழக்கமான உயிரியல் சுத்திகரிப்பு எல்.ஏ.எஸ்.ஸை 95 சதவீதத்துக்கு மேல் நீக்கிவிடும், பாஸ்பரஸில் பெரும்பகுதியை விட்டுவிடும். அதைப் பிடிக்க இரும்பு உப்போ படிகாரமோ சேர்த்துப் படியவைக்கும் தனி ஏற்பாடு வேண்டும்.

அடுத்தது பாஸ்பேட் இல்லாத தூள். பாஸ்பேட்டின் வேலையை இதில் சீயோலைட்டும் சோடா உப்பும் (சலவை சோடா) சிட்ரேட்டும் பகிர்ந்துகொள்கின்றன. சீயோலைட் தண்ணீரில் கரையாத நுண்ணிய களிமண் மாதிரியான பொருள். பாசிக்குத் தீனியும் இல்லை, விஷமும் இல்லை, வண்டல்தான் கொஞ்சம் கூடும். சிட்ரேட் சீக்கிரமே சிதைந்துவிடும். சோடா உப்பு மட்டும் கவனிக்க வேண்டியது. சின்னக் குட்டையில் அது காரத்தன்மையை ஏற்றினால், தண்ணீரில் இருக்கும் அம்மோனியம் மீனைக் கொல்லும் அம்மோனியாவாக மாறும் பங்கு கூடுகிறது. கழிவு நீர் மண்ணில் பாய்வதாக இருந்தால், தூளில் எடைக்குச் சேர்க்கும் சோடியம் சல்பேட்டையும் சேர்த்து, சோடியம் மண்ணை இறுக்கிவிடும். பெரிய நீர்நிலைக்கு இவை பெரிய விஷயமில்லை.

பாக்கெட்டில் ‘பாஸ்பேட் இல்லாதது’ என்று இருந்தால் அத்தோடு நின்றுவிடாமல் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டும். பாஸ்போனேட் என்று ஒன்று இருக்கும், அதிலும் பாஸ்பரஸ் உண்டு. அளவு குறைவு, வெளிச்சம் பட்டு மெதுவாகத்தான் உடையும், அதனால் எஸ்.டி.பி.பி. அளவுக்குப் பயப்பட வேண்டாம். ஈ.டி.டி.ஏ. இருந்தால் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அது எளிதில் சிதையாது, சேற்றில் இருக்கும் உலோகங்களைக் கரைத்துத் தண்ணீருக்குக் கொண்டுவரும். வேடிக்கை என்னவென்றால், ஆய்வகத்தில் பாசி வளர்ப்பவர்கள் இரும்புச் சத்து படிந்துபோகாமல் பாசிக்குக் கிடைக்க வேண்டும் என்று ஊட்டக்கரைசலில் இதே ஈ.டி.டி.ஏ.வைத்தான் சேர்ப்பார்கள். நானைல்ஃபீனால் எத்தாக்சிலேட் என்ற சர்ஃபாக்டன்ட்டின் பெயர் தென்பட்டால் யோசிக்காமல் திரும்ப வைத்துவிடலாம். அது உடைந்தால் வருவது முன்னதைவிட மோசம். பிடிவாதமாக நிற்கும், மீன்களின் ஹார்மோனில் கை வைக்கும். ஐரோப்பாவில் சலவைப் பொருட்களில் அதை 2003-ஆம் ஆண்டின் ஆணை மூலமே ஒதுக்கிவிட்டார்கள்.

திரவ டிடர்ஜென்ட்டில் பாஸ்பேட் பெரும்பாலும் இருக்காது. சோடியம் உப்பும் குறைவு. ஆனால் அதே எடைத் தூளைவிட இதில் சர்ஃபாக்டன்ட் அதிகம். ஐரோப்பிய விதிப்படி பாக்கெட்டில் சர்ஃபாக்டன்ட்டின் அளவை 5 சதவீதத்துக்குக் கீழ், 5 முதல் 15, 15 முதல் 30, 30-க்கு மேல் என்று வகைப்படுத்தி எழுத வேண்டும். அந்த வரி இருந்தால் அதைப் பார்த்தே ஒப்பிடலாம். கழிவு நீர் மண்ணிலோ செடி வளர்த்த வடிகட்டும் பாத்தியிலோ இறங்கி அப்புறம் குளத்துக்குப் போனால் திரவம் தூளைவிட மேல். வாய்க்கால் வழியாக நேரே சின்னக் குட்டையில் விழுந்தால் பாஸ்பேட் இல்லாத தூளும் திரவமும் ஏறக்குறைய ஒன்றுதான், அளவைப் பொறுத்தது.

பழைய பார் சோப்பைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லியே ஆகவேண்டும். கொழுப்பு அமிலத்தின் சோடியம் உப்பு அது. குளத்துத் தண்ணீரில் இருக்கும் கால்சியத்தைத் தொட்டதும் கரையாத பொருளாகத் திரிந்து படிந்துவிடும். அப்போதே அதன் நச்சில் பெரும்பகுதி போய்விடுகிறது. பாக்டீரியாக்களுக்கும் அது எளிய இரை. கையால் துவைக்கும் இடத்துக்கு இது நியாயமான தேர்வு. கடின நீரில் அதே காரணத்தால் நிறைய வீணாகும், துணியில் வெள்ளை படியும். அதிகம் போட்டால் அதைச் சிதைக்கும் வேலையிலேயே குட்டையின் ஆக்சிஜன் தீர்ந்துவிடும்.

இயற்கைப் பொருள் என்று பூந்திக்கொட்டைக்கு இப்போது நல்ல பெயர். பாஸ்பேட் கிடையாது, சீக்கிரம் சிதையும், இரண்டும் சரி. ஆனால் அதில் நுரை வரவைக்கும் சாப்போனினும் சவ்வைத்தான் தாக்குகிறது. சாப்போனின் உள்ள தாவரங்களை இடித்துத் தண்ணீரில் கலந்து மீன் பிடிக்கும் பழக்கம் உலகில் பல இடங்களில் இருந்ததற்குக் காரணமே அதுதான். செடியிலிருந்து வந்தது என்பதற்காகக் குட்டையில் நேராகக் கொட்டலாம் என்று அர்த்தமில்லை. மண்ணில் இறங்கும் தண்ணீருக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

இவ்வளவு ஒப்பிட்டுவிட்டு, கூடவே துணி மென்மையாக்கியையும் கிருமிநாசினித் திரவத்தையும் ஊற்றினால் கணக்கு தலைகீழாகும். அவற்றில் பெரும்பாலும் இருப்பவை நேர்மின்னேற்றம் கொண்ட சர்ஃபாக்டன்ட்கள். பாசிச் செல்லின் வெளிப்பரப்பு எதிர்மின்னேற்றம் உள்ளது. எனவே அவை தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். கிருமிநாசினிகளில் வரும் பென்சால்கோனியம் குளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கும் வெகுவாகக் குறைந்த அளவிலேயே பாசியின் வளர்ச்சியை நிறுத்தும். எல்.ஏ.எஸ்.ஸோடு ஒப்பிட்டால் இது வேறு தரத்து விஷம். மென்மையாக்கிகளில் இப்போது வரும் எஸ்டர் வகை பழையதைவிட எளிதில் சிதைகிறது, அது ஒரு முன்னேற்றம். இருந்தாலும் குளத்துக்குப் போகும் சலவைக்கு இரண்டும் தேவையில்லை என்பேன். எந்தத் தூள் என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட இவற்றை விட்டுவிடுவது எளிது, பலனும் பெரிது.

‘மக்கும் தன்மை கொண்டது’ என்ற வாசகத்தை எவ்வளவு நம்பலாம்? வழக்கமான சோதனையில் பொருளை 28 நாள் காற்றோட்டமுள்ள தண்ணீரில் பாக்டீரியாக்களோடு விட்டு, 60 சதவீதமாவது கரியமில வாயுவாக மாறுகிறதா என்று பார்ப்பார்கள். காற்றோட்டம் என்பதுதான் இதில் முக்கியம். ஆக்சிஜன் இல்லாத சேற்றிலும் செப்டிக் டேங்க்கிலும் எல்.ஏ.எஸ். அவ்வளவாக உடையாது. ஆகவே செப்டிக் டேங்க்கில் விழுந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்பது பாதி உண்மை. அதற்கு அடுத்து மண்ணில் பரவி இறங்கும் இடத்தில்தான் மீதி வேலை நடக்கிறது.

பாசிச் சோதனைக்கும் ஒரு எல்லை உண்டு. கண்ணாடிக் குடுவையில் ஒரே ஒரு இனம், பெரும்பாலும் பிறை நிலா வடிவில் இருக்கும் ராஃபிடோசெலிஸ் சப்கேபிடேட்டா. தடையில்லாத வெளிச்சம், 72 மணி நேரம். வெவ்வேறு அளவில் சர்ஃபாக்டன்ட் விட்டு, தினமும் செல்களை எண்ணி, வளர்ச்சி எங்கே பாதியாகிறது என்று பார்ப்பார்கள். பொருளுக்குப் பொருள் ஒப்பிட இது நல்ல முறை. ஆனால் குளத்தில் பாசியைத் தின்கிற தண்ணீர்த் தெள்ளும் இருக்கிறது, அதையும் சர்ஃபாக்டன்ட் பாதிக்கிறது. மேய்வது செத்தால் பாசி இன்னும் பெருகும். குடுவையில் விஷமாக நடந்துகொண்ட பொருள் குளத்தில் சுற்றிவளைத்துத் தீனி போடுகிற வேலையையும் செய்துவிடலாம்.

ஆக, தேர்வு இப்படி அமைகிறது. தண்ணீர் நேரே தேங்கிய குளத்துக்குப் போனால் பாஸ்பேட் இல்லாத தூள் அல்லது பார் சோப்பு. மென்மையாக்கியும் கிருமிநாசினியும் வேண்டாம். மண்ணில் இறங்கிப் போனால் திரவம். முழுமையான சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனால் பாஸ்பேட்டைத் தவிர்த்துவிட்டு மற்றதை விலை, சலவைத் தரம் பார்த்தே முடிவு செய்யலாம். வேகமாக ஓடும் பெரிய ஆற்றில் விழுந்தால் உள்ளூரில் கேடு குறைவாகத் தெரியும். கீழே ஏதோ ஒரு அணையிலோ கழிமுகத்திலோ அந்தப் பாஸ்பரஸ் நிற்கத்தான் போகிறது.

அளவு என்ற இன்னொரு தேர்வும் கையில் இருக்கிறது, அதற்குச் செலவே இல்லை. பெரும்பாலானோர் மூடியை நிரப்பி ஊற்றுகிறார்கள், மூடியின் உள்ளே இருக்கும் கோட்டைப் பார்ப்பதில்லை. கடினமில்லாத தண்ணீர், லேசான அழுக்கு என்றால் பாதி அளவே போதுமானது. நொதி சேர்த்த தூள் என்றால் இன்னும் குறைக்கலாம். நொதிகள் புரதம்தான், தண்ணீரில் சீக்கிரம் சிதைந்துவிடும். தூளைப் பாதியாக்கினால் சர்ஃபாக்டன்ட், பாஸ்பேட், உப்பு எல்லாமே பாதியாகிவிடும். பெயர்ப்பலகையை மாற்றி இவ்வளவு சாதிப்பது கஷ்டம்.

ஏற்கெனவே பச்சையாகிப்போன குளத்தை வைத்துக்கொண்டு இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டிடர்ஜென்ட்டை மாற்றியதும் அடுத்த வருடமே தண்ணீர் தெளிந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சேற்றில் இரும்போடு ஒட்டிக்கிடக்கும் பாஸ்பேட், அடியில் ஆக்சிஜன் தீரும்போதெல்லாம் விடுபட்டு மேலே வரும். மனிதக் கழிவும் வயல் உரமும் தங்கள் பங்குக்குப் பாஸ்பரஸைக் கொண்டுவரும். ஈரி ஏரி, அமெரிக்காவும் கனடாவும் 1972-இல் செய்துகொண்ட நீர்த்தர ஒப்பந்தத்துக்குப் பிறகு தேறிவந்து, பின்னர் வயல்வெளியிலிருந்து வந்த பாஸ்பரஸால் மறுபடி பூத்தது. 2014 ஆகஸ்டில் அந்த ஏரிக்கரையில் இருக்கும் டொலிடோ நகரத்தில் லட்சக்கணக்கானோர் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாமல் போனது அதனால்தான். மாறாக சியாட்டில் அருகே இருக்கும் வாஷிங்டன் ஏரிக்கு வந்த கழிவுநீரை 1963 முதல் 1968 வரை படிப்படியாகத் திருப்பிவிட்டார்கள். ஆழமான ஏரி, நீர் மாறும் வேகமும் அதிகம் என்பதால் சில வருடங்களில் தெளிந்தது. ஆழமற்ற குளம் அவ்வளவு சீக்கிரம் தெளியாது. டிடர்ஜென்ட்டை மாற்றுவதோடு, வாய்க்கால் குளத்தைத் தொடும் இடத்துக்கு முன்னால் நாணல் நட்ட ஒரு பாத்தியும் அமைக்க முடிந்தால், சர்ஃபாக்டன்ட் அங்கேயே சிதையும், பாஸ்பரஸில் ஒரு பகுதியும் அங்கேயே தங்கும். நாணலை அவ்வப்போது அறுத்து வெளியே எடுத்துப்போட வேண்டும். அங்கேயே மட்கவிட்டால் அது உறிஞ்சியதெல்லாம் திரும்பக் குளத்துக்கே போகும்.